கயிறும் முளையும்

ஆண்டுதோறும் மதரஸாவில் அரபு யாப்பிலக்கணம் தொடங்கும் நாளன்று கரும்பலகையில் ஒரு கூடாரத்தை வரைந்து காட்டுவது என் வழக்கம். நடுவில் ஒரு கம்பம். இருபுறமும் சரிந்திறங்கும் துணி. துணியை இழுத்துப் பிடிக்கும் கயிறுகள். கயிற்றின் நுனிகளில் மண்ணில் அறைந்த முளைகள். செய்யுள் கற்க வந்த பிள்ளைகள், ஆசிரியருக்கு என்ன நேர்ந்துவிட்டது என்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

கி.பி. எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மது அவர்கள் அரபுச் செய்யுளின் அளவுகளை வகுத்தபோது, அவற்றுக்கு வேண்டிய பெயர்களைக் கூடாரத்திலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். செய்யுளடி ஒன்றுக்குப் பெயர் 'பைத்'. வீடு என்பதும் கூடாரம் என்பதும் அச்சொல்லின் பொருள்கள். அதில் பாதி 'மிஸ்ராஉ'. அது இரட்டைக் கதவில் ஒரு கதவு. ஓசைக் கூறுகளில் ஒருவகை 'ஸபப்', அதாவது கயிறு. மற்றொரு வகை 'வதத்', அதாவது முளை. நம் தமிழ் இலக்கணத்தார் கட்டுதலையும் தொடுத்தலையும் எண்ணி யாப்பு, தளை, தொடை என்று பெயரிட்டார்கள். பாலைவனத்தாரோ தாம் படுத்துறங்கிய இடத்தையே எண்ணிப் பெயரிட்டார்கள். இவற்றுள் ஒரு நுட்பமும் உண்டு. செய்யுளின் இடையே ஓசை நெகிழ்வதற்கு இடந்தரும் 'ஸிஹாஃப்' என்னும் மாற்றம் கயிற்றை மட்டுமே தீண்டும், முளையைத் தீண்டாது. கயிறு இளகலாம், முளை அசையலாகாது. 28 ஆண்டுகளாக இதனைப் பாடஞ்சொல்லி வருகிறேன். மெய்யான கயிற்றையும் மெய்யான முளையையும் பற்றி நான் எவ்வளவு அறிந்தவன் என்பதை, இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆடி மாத இரவு எனக்குக் காட்டிக் கொடுத்தது.

என் மகன் குவைத்தில் பணிபுரிகிறான். அந்நாட்டில் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை குடும்பங்கள் காரில் ஏறிப் பாலைவெளிக்குச் சென்று கூடாரமடித்துத் தங்குவது வழக்கம். அரசாங்கமே அதற்கெனப் பருவங் குறித்து அனுமதி வழங்குகிறது. எண்ணெய்ச் செல்வத்தில் மிதக்கும் மக்கள் ஆண்டுக்கொரு முறை தம் பாட்டனார் வாழ்ந்தபடி வாழ்ந்து பார்க்கிறார்கள் என்று அவன் எழுதும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கும். ஆனால் அங்கே பள்ளிக்கூடங்களுக்கு நெடு விடுமுறை கோடையில்தான். ஆகவே மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகள் இருவரும் ஊருக்கு வருவது எப்போதும் நமது ஆடி மாதத்தில் வந்து விழும். அந்த ஆண்டு அவன் பெட்டியோடு ஒரு கூடாரத்தையும் கட்டிக்கொண்டு வந்தான்.

"அத்தா, இதுல ஆறு பேரு தாராளமாப் படுக்கலாம். கையில தூக்கிப் பாருங்க, பஞ்சு மாதிரி இருக்கு" என்றான்.

தூக்கிப் பார்த்தேன். பஞ்சு போலத்தான் இருந்தது. முதுகில் சுமந்து மலையேறுகிறவனுக்கு எடை குறைந்த கூடாரம் வரப்பிரசாதம். வாகனத்தின் பின்கட்டில் வைத்துக் கொண்டுபோகிறவனுக்கு எடை குறைவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இந்த எளிய கணக்கு அன்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கை அறியாத வாசகர்களுக்காக இவ்விடத்தில் சில சொற்கள் சொல்லவேண்டும். மேற்கே கேரள எல்லையாக நிற்கும் மலைத்தொடர். கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இவ்விரண்டுக்கும் நடுவே முல்லைப் பெரியாற்று நீரால் நெல்லும் தென்னையும் திராட்சையும் விளையும் நீண்ட பூமி. 1895-ல் திறக்கப்பெற்ற பெரியாறு அணையின் தண்ணீர் இந்த வழியாகத்தான் வைகைக்குச் செல்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்கு மலை பெரும்பாலும் தன் மறுபுறத்திலேயே இறக்கிக்கொள்ளும். ஆனால் காற்றை அதனால் தடுக்க முடிவதில்லை. மலையிடுக்குகளின் வழியே புகுந்து வரும் மேல்காற்று ஆனி, ஆடி மாதங்களில் பள்ளத்தாக்கின் நெடுக ஓடும். காற்றாலைகள் இந்தப் பக்கத்துக்கு வந்ததற்குக் காரணமும் அதுதான். மலையடிவாரத்தில் அக்காற்றோடு சாரலும் சேர்ந்துகொள்ளும். சில இரவுகளில் சாரல் மழையாகவும் மாறும். பாலைவனத்து மாரிக்காலத்துக்கென்று வாங்கிய கூடாரத்தை இப்படிப்பட்ட இடத்தில் நாங்கள் விரிக்கப் போனோம்.

சுருளிப்பட்டிக்கு அருகில் என் நண்பர் ஒருவருக்குத் திராட்சைத் தோட்டமும் அதனையொட்டித் தென்னந்தோப்பும் உண்டு. வனத்துறை எல்லைக்குள் இரவு தங்குவதற்கு அனுமதி வேண்டும். அனுமதியின்றித் தங்குவது குற்றம் மட்டுமன்று, உயிருக்கும் கேடு. எனவே நண்பரின் பட்டா நிலமே நல்லதென்று முடிவு செய்தோம். தென்னைக்கு அடியில் கூடாரம் அடிக்கலாகாது என்பதை நண்பரே சொல்லிவிட்டார். நிழலைப் பார்க்கிறவன் மட்டையையும் நெற்றையும் பார்ப்பதில்லை. தோப்பை விட்டு விலகிய ஒரு வெற்றிடத்தைத் தேர்ந்தோம். அதுவரை எல்லாம் சரி.

கூடாரம் எழுந்து நின்றது. தரை 12 அடி நீளம், 7 அடி அகலம். ஆறு பேர் என்று அட்டையில் அச்சிட்டிருந்ததன் உட்பொருள் அப்போது விளங்கியது. ஆளுக்கு இரண்டடி அகலம். ஜனாஸாவைக் கிடத்துவதுபோல் ஆறு பேரையும் நேராகக் கிடத்தினால் இடம் சரியாகப் போதும். புரண்டு படுக்க இடமில்லை. பெட்டி வைக்க இடமில்லை. செருப்பைக் கழற்றிவிட இடமில்லை. நிமிர்ந்து நிற்கக் கூடாரத்தின் நடுவில் மட்டுமே உயரம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே அறை. என் மருமகள் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் தலைமுக்காட்டை ஒருமுறைகூடத் தளர்த்தாமல் ஒரு மூலையில் அவள் உட்கார்ந்திருந்த நிலையை இன்றும் நினைக்கிறேன். உடை மாற்றுவதற்கு அந்தப் பெண் இருட்டில் காருக்குச் சென்று திரும்பினாள்.

மஃரிபுத் தொழுகையை உள்ளேயே ஜமாஅத்தாகத் தொழுவோம் என்றேன் நான். இமாமாக நான் முன்னால். பின்னால் மகனும் பேரனும். அதற்கும் பின்னால் பெண்கள். மூன்று வரிசைக்கு வரிசைக்கு நான்கடியாகப் பன்னிரண்டடி வேண்டும். நீளவாக்கில் கூடாரம் அதற்குச் சரியாக இருந்தது. ஆனால் முன்னால் நிற்கும் எனக்குத் தலை இடிக்குமே. ஆகவே வாசலை மேற்குப் பார்த்து வைக்கும்படியும், திரையைச் சுருட்டிவிட்டு நான் வாசலில் நின்று கிப்லாவை நோக்கித் தொழுவிக்கிறேன் என்றும் சொன்னேன். மகன் சற்றுத் தயங்கினான். "காத்து மேக்க இருந்துதானே அத்தா வருது?" என்றான். "இப்போது எங்கே காற்று?" என்றேன். மாலையில் காற்று ஒடுங்கியிருந்தது. கிப்லாவை நோக்கித் தொழுவதுதான் கடமை. கூடாரத்தின் வாசல் கிப்லாவை நோக்க வேண்டும் என்பது எந்த மத்ஹபிலும் இல்லை. இதனை நான் பிறருக்கு எளிதாகச் சொல்லிக்கொடுப்பேன். அன்று என் விருப்பத்துக்கு மார்க்கத்தின் சாயலைப் பூசிக்கொண்டேன்.

இஷாவுக்குப் பின்னர் வேறொன்றும் செய்தேன். அதைச் சொல்வதற்கு முன் என் தகப்பனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மர்ஹூம் என் அத்தா ஏலக்காய்த் தொழிலில் இருந்தவர்கள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, வண்டன்மேட்டுப் பக்கத்தில் காய் பறிப்புக்காலத்தில் ஒரு கித்தான் கூடாரத்தில் அவர்களோடு சில இரவுகள் தங்கியிருக்கிறேன். பருத்தி நூலில் நெருக்கமாக நெய்த கனத்த துணி. இரண்டு ஆள் சேர்ந்துதான் தூக்க வேண்டும். மழை பெய்தால் நூலிழைகள் நீரைக் குடித்துப் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும்; அதன் பிறகு ஒரு சொட்டும் உள்ளே இறங்காது. ஆனால் நனைந்த துணியின் உட்புறத்தைத் தொட்டுவிடலாகாது. தொட்ட இடத்தில் நீர் கசியத் தொடங்கிவிடும். "விரலை மடியில வச்சுக்க" என்று அத்தா அதட்டியது இன்னும் காதில் இருக்கிறது. பாலைவனத்துப் பதவிகள் ஆட்டு மயிரில் நெய்யும் கருங்கூடாரமும் மழையில் இதே முறையில்தான் தன்னைக் காத்துக்கொள்கிறது. கால்நடைகளின் தோல்களால் ஆன, பயணத்துக்கு இலகுவான வீடுகளைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அல்லாஹ் எடுத்துரைக்கும் அந்நஹ்ல் அத்தியாயத்தின் வசனத்தை உஸ்தாத் நடத்தியபோது, எனக்கு வண்டன்மேட்டுக் கித்தானின் மணம்தான் நினைவுக்கு வந்தது.

படுக்கப் போகுமுன் அத்தா லாந்தரை எடுத்துக்கொண்டு கூடாரத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு கயிறாக இளக்கிவிடுவார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கூடாரம் என்றால் இரவில் கயிற்றை இளக்குவது என்று என் மனத்தில் பதிந்துவிட்டது. ஆகவே அன்று சுருளிப்பட்டியில் அனைவரும் படுத்த பின்னர், கைவிளக்கோடு வெளியே சென்று, மகன் விறைப்பாகக் கட்டியிருந்த எட்டுக் கயிறுகளையும் ஒவ்வொன்றாக இளக்கிவிட்டு வந்தேன். என் அத்தாவின் காரியத்தை நான் செய்கிறேன் என்ற நிறைவோடு படுத்துக்கொண்டேன்.

முதலில் விழித்தவள் என் மனைவி. "வெளியில மழைச் சத்தமே இல்லையே, உள்ள மட்டும் எங்கேருந்து சொட்டுது?" என்று கேட்டாள். ஆறு பேரின் மூச்சு, காற்றுப்புக வழியில்லாத வழவழப்பான துணியில் பட்டு நீராகித் துளித்துக்கொண்டிருந்தது. அதை நாங்கள் புரிந்துகொள்வதற்குள் மலையிலிருந்து காற்று இறங்கியது. அதன் பின்னாலேயே மழை. மேற்கு வாசலின் திரை பாய்மரம்போல் உப்பி, அதன் இழுவைப் பல் ஓரிடத்தில் பிளந்தது. இளகிய கயிறுகளில் துணி தொய்ந்து படபடத்து அடித்துக்கொண்டது. ஒவ்வோர் அடிக்கும் முளைகள் ஆடி ஆடி, தென்னந்தோப்பின் பொலபொலத்த மண்ணிலிருந்து கழன்றன. கம்பியை வளைத்துச் செய்த சுண்டுவிரல் கன முளைகள் அவை. மேற்போர்வை பாதியளவே இறங்கியிருந்ததால் அதன் கீழ்வழியாகச் சாரல் நேரே உள்ளே வந்தது. சிறிது நேரத்தில் கூடாரம் எங்கள்மேல் படுத்துவிட்டது.

என் மனைவிக்கு இழுப்பு நோய் உண்டு. மகன் தன் தாயை இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு மழையில் காருக்கு ஓடினான். ஆறு பேரும் ஈரத்துணியோடு காருக்குள் பஜ்ர் வரை உட்கார்ந்திருந்தோம். அவள் மூச்சு வாங்கும் ஓசையைத் தவிர வேறு பேச்சில்லை. அந்த அமைதியில் நான் மகனைப் பார்த்து, "மணலில் கிடப்பவனுக்கு மழையைப் பற்றி என்ன தெரியும்? தாயைக் கொல்லப் பார்த்தாயே" என்றேன்.

மனைவி முன்னிலையில், பிள்ளைகளின் முன்னிலையில் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. விடுமுறை முடிந்து புறப்படும் வரை கூடாரம் என்ற சொல்லே வீட்டில் எழவில்லை. விமான நிலையத்தில் ஸலாம் சொன்னபோதும் அவன் கண்கள் என் தோளுக்கு அப்பால் எதையோ பார்த்தன.

ஐப்பசியில் ஒருநாள் மதரஸாவின் தாழ்வாரத்தில் ஈரத்துணி உலர்த்தும் கொடிக்கயிற்றைக் கண்டேன். பழைய பருத்திக் கயிறு அறுந்துபோனதால் பாதி நீளத்துக்குப் பருத்தியும் மீதிக்கு நைலானுமாக இரு தூண்களுக்கிடையே இரு கொடிகள் கட்டியிருந்தார்கள். முந்திய நாள் இரண்டும் ஒன்றுபோல் விறைப்பாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரவு முழுவதும் அடைமழை. காலையில் பருத்திக் கொடி வில்நாண்போல் இறுகியிருந்தது. நைலான் கொடி தொய்ந்திருந்தது. பருத்தி, சணல் போன்ற நார்க்கயிறுகள் நீரைக் குடித்துக் குறுக்கே பருப்பதால் நீளத்தில் சுருங்குகின்றன. அப்படிச் சுருங்கும்போது முளையைப் பிடுங்கிவிடும், அல்லது துணியைக் கிழித்துவிடும். அதனால்தான் என் அத்தா இரவில் அவற்றை இளக்கினார்கள். நைலானோ நனைந்தால் நீளும். அதனை இரவில் இறுக்க வேண்டும். அத்தா செய்ததன் நேர் எதிரை.

தூணைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றிருந்தேன். மாணவர்கள் வந்து, "ஹஜ்ரத், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். மகனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று பலமுறை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் சம்பளம், பிள்ளைகளின் படிப்பு, அங்கத்திய குளிர் என்று பேச்சு வேறெங்கோ போய்விடும். அல்லது நானே கொண்டுபோய்விடுவேன்.

பங்குனியில் அவனே கேட்டான். "பிள்ளைங்க திரும்பவும் தோட்டத்துக்குப் போகணும்ங்குதுங்க. இந்தத் தடவை கூடாரத்தை நீங்களே பாருங்க அத்தா." அச்சொல்லில் வருத்தம் இருந்ததா, மரியாதை இருந்ததா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் நான் இம்முறை கற்றுக்கொண்டு செல்வதென்று உறுதி செய்தேன்.

இடத்தைப் பற்றி முதலில். அரபிகளின் கூடாரத்தில் ஆடவர் பகுதிக்கும் மகளிர் பகுதிக்கும் நடுவே நெய்த திரையொன்று தொங்கும். விருந்தினர் அதற்கு இப்பால்தான். அவர்களை விடுங்கள், நப்பூதனாரின் முல்லைப்பாட்டைப் படித்தவர்களுக்கு, போர்க்களத்துப் பாசறையிலேயே அரசனுடைய பள்ளி திரையிட்டு இரண்டு அறையாக்கப்பட்டிருப்பது நினைவிருக்கும். போருக்குப் போன இடத்தில் இரண்டு அறை. பொழுதுபோக்கப் போன இடத்தில் என் மருமகளுக்கு ஒரு மூலை. இரு மொழி இலக்கியத்திலும் இருந்ததை இரண்டும் கற்றவன் கவனிக்கவில்லை. ஆகவே உள்ளே தனித்தனி வாசலுடைய இரண்டு அறைகள், நடுவே ஒரு கூடம், முன்னே செருப்பையும் நனைந்த குடையையும் விடுவதற்கு ஒரு முன்றில் என்று முடிவு செய்தேன். அச்சிட்ட எண்ணிக்கையிலிருந்து இரண்டைக் கழித்துவிட வேண்டும். நாங்கள் ஆறு பேர் என்றால் எட்டுப் பேருக்கென்று விற்பதைப் பார்க்க வேண்டும். கூடத்தில் நான் தக்பீர் கட்டி நிமிர்ந்து நிற்கும் உயரம் வேண்டும்.

நீரைப் பற்றி அறிந்துகொண்டது இன்னும் பயனுள்ளது. இக்காலத்துத் துணிகளுக்கு ஓர் எண் உண்டு. துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால், எவ்வளவு உயரம் வரை நீர் நிற்கும்போது துணி கசியாமல் தாங்குகிறது என்பதை மில்லிமீட்டரில் சொல்வார்கள். 3,000 என்றால் மூன்று மீட்டர் உயர நீரைத் தாங்கும். மேற்போர்வைக்கு அது தாராளம். தரைத்துணிக்கு அதற்கும் கூடுதலாக வேண்டும். ஏனெனில் ஈர மண்ணின்மேல் முழங்காலும் முழங்கையும் அழுந்தும்போது அவ்விடத்தில் நீர் அழுத்தம் பெற்று ஏறும். ஸஜ்தாச் செய்கிறவர்களுக்கு இது முக்கியம். எண் பெரிதாக இருந்தும் தையல் துளை வழியாக நீர் வரலாம். தையலின் உட்புறத்தில் நாடா ஒட்டி அடைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தரைத்துணி தொட்டிபோல் விளிம்பில் நான்கைந்து விரற்கடை உயர்ந்து அதன்பிறகே சுவரோடு சேரவேண்டும். மேற்போர்வை நிலம் வரை இறங்க வேண்டும். அதற்கும் உட்கூடாரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியும், உச்சியில் மழை புகாமல் காற்று மட்டும் புகும் வலைக்கண்ணும் இருந்தால் மூச்சின் ஈரம் வெளியேறிவிடும். மிச்சம் மேற்போர்வையின் உட்புறத்தில் வழிந்து மண்ணுக்குப் போகும். துணி பாலியெஸ்டராக இருப்பது நல்லது. நைலான் அளவுக்கு அது நனைந்து தொய்வதில்லை.

நெருப்பைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். 1997 ஏப்ரல் 15 அன்று மினாவில் கூடாரங்களில் பற்றிய தீயில் 300-க்கும் மேற்பட்ட ஹாஜிகள் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கான கூடாரங்கள் காற்றில் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றி எரிந்து போயின. அதன் பிறகே அங்கே டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணியால், தீப்பிடிக்காத கூடாரங்கள் எழுப்பப்பட்டன. கூடாரத்துக்குள் வாயு அடுப்பும் தடை செய்யப்பட்டது. நம் தேனி மாவட்டத்திலேயே போடியை அடுத்த குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன இளைஞர்களும் பெண்களுமாக 20-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். கடையில் கிடைக்கும் கூடாரத் துணி நெருப்புப் பட்டால் உருகி உடம்பில் ஒட்டும். நெருப்புப் பிடிக்காவிட்டாலும், மூடிய கூடாரத்தில் கரியடுப்பு வைத்தால் அதன் நச்சுப்புகை தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அடுப்பு வெளியே, காற்றுப் போகும் திசையில், பத்தடிக்கு அப்பால்.

மதுரையில் ஒரு கடைக்குச் சென்றேன். விரித்துக் காட்டாமல் வாங்கமாட்டேன் என்றதும் கடைக்காரர் மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றார். நிறுத்தச் சொன்னேன். உள்ளே நின்றேன், படுத்தேன், கைகட்டி நின்றேன், ருகூவுக்குக் குனிந்தேன். ஒரு வாளித் தண்ணீரைத் தையல்மேல் ஊற்றச் சொன்னேன். "பாய், வீடு கட்டும்போதுகூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டீங்க" என்றார் அவர். உண்மைதான். எகிப்தை வென்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் கூடாரத்தின்மேல் புறா கூடுகட்டியதால் அதனைக் கலைக்காமல் விட்டுச் சென்றார்கள் என்றும், அதைச் சுற்றி எழுந்த நகரத்துக்கே கூடாரம் என்று பொருள்படும் 'ஃபுஸ்தாத்' என்ற பெயர் அமைந்தது என்றும் மரபுச் செய்தி உண்டு. பெரிய கூடாரத்தைக் குறிக்கும் அச்சொல்லைக் கடைக்காரருக்கு விளக்கத் தொடங்கினேன்; அவர் விலையில் நூறு ரூபாய் குறைத்து என்னை அனுப்பிவைத்தார்.

முளைகள் மட்டும் இங்கும் அதே கம்பி முளைகள். விற்கிறவர்கள் துணிக்குக் கொடுக்கும் அக்கறையை முளைக்குக் கொடுப்பதில்லை. உத்தமபாளையத்தில் ஒரு கொல்லுப் பட்டறையில் மூலைக்கம்பியை ஒன்றரை அடியாக வெட்டி, நுனி கூராக்கி, தலையில் கொக்கி வைத்துப் பன்னிரண்டு முளைகள் அடித்துத் தரச் சொன்னேன். கலீல் இப்னு அஹ்மது அவர்களுக்குச் செய்யுளின் அளவு, கடைத்தெருவில் கன்னார்கள் சம்மட்டி அடிக்கும் ஓசையைக் கேட்டுத்தான் முதலில் பிடிபட்டது என்பார்கள். பட்டறையில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரமும் எனக்கு அளவொன்றும் கேட்கவில்லை. மகனிடம் எப்படிச் சொல்வது என்பது ஒன்றே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சென்ற ஆண்டு ஆடியில் அதே தோட்டத்துக்குப் போனோம். மேட்டுப்பாங்கான இடமாகப் பார்த்தோம். காரை மேற்குப் பக்கத்தில் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தினோம். வாசல் கிழக்கு. தின்பண்டம் எதையும் கூடாரத்துக்குள் வைக்கவேண்டாம் என்று நண்பர் சொன்னார். 2023 மே மாதத்தில் அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் நகரின் தெருக்களிலேயே நடந்து போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். அவர் சொன்னதை மறுக்கவில்லை. முளைகளை நேராக அடிக்காமல், தலை கூடாரத்தை விட்டு வெளிப்புறம் சாயும்படி அடித்தான் மகன். அதை யார் அவனுக்குச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. நான்கு வரிசையாகக்கூட நிற்கலாம் என்னும்படி கூடத்தில் இடமிருந்தது. மருமகள் தன் அறையின் திரையை உள்ளிருந்து இழுத்து மூடிக்கொண்டு பேத்தியோடு சிரித்துப் பேசுவது கேட்டது.

இரவு இரண்டு மணிக்குக் காற்று வந்தது. மழையும் வந்தது. மேற்போர்வையின்மேல் அது விழும் ஓசை பயமூட்டுவதாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே துளி இல்லை. கயிறுகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கக் குடையோடு வெளியே போனேன். மகன் முன்னமே அங்கே நின்றிருந்தான். நனைந்துகொண்டு, வாயில் கைவிளக்கைக் கவ்வியபடி ஒரு கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். நான் விளக்கை வாங்கிப் பிடித்தேன்.

"போன தடவை ராத்திரி, நீங்க எல்லாரும் படுத்த பிறகு, எட்டுக் கயித்தையும் நான்தான் இளக்கிவிட்டேன்" என்றேன். "என் அத்தா அப்படித்தான் செய்வாங்க. அது பருத்திக் கயிறு. எனக்கு அது தெரியலை. வாசலை மேற்கே வைக்கச் சொன்னதும் நான்தான்."

அவன் முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

"காலையில முடிச்சுகளைப் பாத்தேன் அத்தா" என்றான். "நான் போட்ட முடிச்சு இல்லைன்னு தெரிஞ்சுது."

ஓர் ஆண்டு முழுவதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. விளக்கைப் பிடித்த என் கை நடுங்கியது. மழைக்குளிர் என்று அவன் எண்ணியிருக்கக் கூடும். உள்ளிருந்து என் மனைவி, "வெளியில யாரு? பஜ்ருக்கு நேரமாச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் நேரமிருக்கும்மா, நீங்க படுங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, "அந்தக் கோடியில ஒரு முளை லேசா அசையுது அத்தா, வெளிச்சத்தைக் கொஞ்சம் அங்க காட்டுங்க" என்று சம்மட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.